எங்கள் டொமைன் பெயரில் யாரோ பணம் கேட்டிருக்கிறார்கள்: எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் எங்கே தொடங்குவது?

தென்மராட்சியான் எழுதியது:

வணக்கம். சாவகச்சேரியில் பனங்கட்டி, ஒடியல் மா, பினாட்டு, மிளகாய்த்தூள் ஆகியவற்றைப் பொதிசெய்து கனடாவுக்கும் லண்டனுக்கும் அனுப்பும் சிறிய நிறுவனம் எங்களுடையது. எல்கே என்று முடியும் டொமைன் வைத்திருக்கிறோம். மின்னஞ்சல் கூகுள் வேர்க்ஸ்பேஸில் இருக்கிறது. இணையத்தளம் வேறொரு ஹோஸ்டிங்கில் இருக்கிறது.

சென்ற வாரம், ஸ்காபரோவில் எங்களிடம் மொத்தமாக வாங்கும் கடைக்காரருக்கு எங்கள் விற்பனை முகவரியிலிருந்து போனது போலவே ஒரு மெயில் போயிருக்கிறது. வங்கிக் கணக்கு மாறிவிட்டதாம், மீதிப் பணத்தைப் புதிய கணக்குக்கு அனுப்ப வேண்டுமாம். அவர் பழைய மனிதர். சந்தேகப்பட்டுத் தொலைபேசியில் கேட்டதால் பணம் தப்பியது. எல்லா வாடிக்கையாளரும் அப்படிக் கேட்பார்கள் என்று சொல்ல முடியாது.

இதற்கு மேல், எங்கள் உண்மையான விலைப்பட்டியல்கள் சிலருக்கு ஸ்பாம் பெட்டிக்குள் போய் விழுகின்றன. இணையத்தளம் செய்து தந்தவரிடம் கேட்டால், “எஸ்பிஎஃப் எப்போதோ போட்டாயிற்று, எல்லாம் சரி” என்கிறார். எல்லாம் சரி என்றால் இது எப்படி நடந்தது? விபரம் தெரிந்தவர்கள் வழி காட்டுங்கள்.

வடலி எழுதியது:

முதலில் அந்த மெயில் எந்த வகை என்று பார்க்க வேண்டும். அது தெரியாமல் பதிவுகளில் கை வைக்காதீர்கள்.

மூன்று வழிகளில் இது நடந்திருக்கலாம். உங்கள் டொமைனைப் போலவே ஓர் எழுத்து மாறிய வேறு டொமைனை யாராவது வாங்கி அனுப்பியிருக்கலாம். உங்கள் டொமைனையே அப்படியே போலியாக இட்டிருக்கலாம். அல்லது உங்கள் அலுவலக மின்னஞ்சல் கணக்குக்குள்ளேயே ஒருவர் புகுந்து உட்கார்ந்திருக்கலாம். நீங்கள் கேட்கும் பதிவுகள் இரண்டாவதை மட்டுமே தடுக்கும் (எஸ்பிஎஃப் என்பது ஒரு டொமைன் பெயரில் அனுப்பக்கூடிய சேர்வர்களின் பட்டியல், டிகிம் என்பது மெயிலில் இடும் டிஜிட்டல் கையொப்பம், டிமார்க் என்பது இவை பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்ற அறிவிப்பு). மூன்றாவதாக இருந்தால் கடவுச்சொல்லை மாற்றி, இரண்டு படி உறுதிப்படுத்தலைப் போட்டு, உங்களுக்குத் தெரியாமல் யாராவது ஃபோர்வேர்ட் விதி வைத்திருக்கிறார்களா என்று ஒவ்வொரு கணக்கிலும் பார்க்க வேண்டும். அதை இன்றே செய்யுங்கள், காரணம் எதுவாக இருந்தாலும்.

கடைக்காரரிடம் அந்த மெயிலை ஃபோர்வேர்ட் செய்யச் சொல்லாதீர்கள். அப்படிச் செய்தால் தலைப்பு வரிகள் போய்விடும். ஜிமெயிலில் மூன்று புள்ளியை அழுத்தி ‘ஷோ ஒரிஜினல்’ திறந்து, அந்தக் கோப்பைத் தரவிறக்கி இணைப்பாக அனுப்பச் சொல்லுங்கள். அதில் ஃப்ரம், ரிட்டர்ன்-பாத், ரிப்ளை-டு மூன்றையும் பாருங்கள். மேலே எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று முடிவுகள் இருக்கும், அவற்றையும் எழுதுங்கள்.

தென்மராட்சியான் எழுதியது:

கோப்பு வந்துவிட்டது. ஃப்ரம் எங்கள் முகவரியேதான், ஓர் எழுத்தும் மாறவில்லை. ரிட்டர்ன்-பாத் நாங்கள் கேள்விப்படாத ஏதோ டொமைன். ரிப்ளை-டு ஓர் இலவச மின்னஞ்சல் முகவரி. என்னைக் குழப்புவது இதுதான்: எஸ்பிஎஃப் ‘பாஸ்’ என்று இருக்கிறது! டிகிம் இல்லை. டிமார்க் என்ற வரியே இல்லை.

திருடனின் மெயில் எப்படி எஸ்பிஎஃப் சோதனையில் தேறுகிறது?

பிறகு எங்கள் டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளையும் (டொமைனின் விபரங்களை இணையத்துக்கு அறிவிக்கும் பட்டியல்) பார்த்தேன். எஸ்பிஎஃப் என்று இரண்டு வரிகள் தனித்தனியாக இருக்கின்றன. ஒன்றில் ஹோஸ்டிங் நிறுவனத்தின் ஐபி (சேர்வரின் இணைய முகவரி எண்), மற்றதில் கூகுள்.

வடலி எழுதியது:

நல்லது, இப்போது படம் தெளிவாகிவிட்டது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

மின்னஞ்சல் பரிமாற்ற விதிமுறை 1982இல் எழுதப்பட்டது. அனுப்புபவர் யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை. அதோடு, ஒவ்வொரு மெயிலிலும் அனுப்புநர் முகவரி இரண்டு இடத்தில் இருக்கிறது: தபாலில் உறையின் மேல் ஒரு முகவரி, உள்ளே கடிதத்தாளில் ஒரு முகவரி இருப்பதைப் போல. உறை முகவரிதான் ரிட்டர்ன்-பாத். கடிதத்தாள் முகவரிதான் உங்கள் வாடிக்கையாளர் திரையில் காணும் ஃப்ரம். எஸ்பிஎஃப் பார்ப்பது உறையை மட்டும். திருடன் உறையில் தன் சொந்த டொமைனை எழுதி, அதற்குச் சரியான எஸ்பிஎஃப் வைத்திருக்கிறான். ஆகவே தேறிவிட்டான். கடிதத்தாளில் உங்கள் பெயர் இருந்ததை யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் கேட்கச் சொல்லி நீங்கள் உலகத்துக்கு அறிவிக்கவில்லை. அந்த அறிவிப்புத்தான் டிமார்க்.

டிமார்க் இரண்டு விடயம் செய்கிறது. ஃப்ரம் டொமைனும், எஸ்பிஎஃப் அல்லது டிகிம் உறுதிப்படுத்திய டொமைனும் பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்கிறது. இரண்டில் ஒன்று பொருந்தினால் போதும். இரண்டும் பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்பதையும் அதுவே சொல்கிறது: சும்மா விடு, ஸ்பாமுக்குள் போடு, அல்லது வாங்காதே. நன், குவாரண்டைன், ரிஜெக்ட் என்ற மூன்று சொற்கள் அவை.

உங்கள் சொந்த விலைப்பட்டியல் ஸ்பாமுக்குப் போவதற்கு இரண்டு எஸ்பிஎஃப் வரிகள் பெரிய காரணம். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் பெறுபவரின் சேர்வர் எதை நம்புவது என்று ஆராயாது. நிரந்தரப் பிழை என்று எடுத்துக்கொண்டு இரண்டையும் கைவிடும். “போட்டாயிற்று” என்று சொன்னவர் உண்மைதான் சொன்னார், ஆனால் இருந்த ஒன்றையும் அது கெடுத்துவிட்டது.

இனி, ஒன்றாக்கும்போது ஹோஸ்டிங் ஐபியையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று பலர் சொல்வார்கள். நான் சேர்க்க மாட்டேன். மலிவான ஹோஸ்டிங்கில் அதே ஐபியில் உங்களைப் போல் பல நிறுவனங்கள் இருக்கும். அந்த ஐபியை அனுமதித்தால் அதில் இருக்கும் எல்லோரையும் உங்கள் பெயரில் அனுப்ப அனுமதித்ததாகிவிடும். உங்கள் தளத்தின் ஓடர் மெயில்களைக் கூகுள் எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் சேர்வர்) வழியாக, கடவுச்சொல் கொடுத்து அனுப்பும்படி மாற்றச் சொல்லுங்கள். வேர்ட்பிரஸ் என்றால் அதற்குச் செருகுநிரல் இருக்கிறது. அதன் பிறகு எஸ்பிஎஃப் வரியில் கூகுள் மட்டும் இருந்தால் போதும்.

பதிவு ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும். இங்கே ஒலிப்பை மட்டும் எழுதுகிறேன். ‘வி=எஸ்பிஎஃப்1’ என்று தொடங்கி, ஓர் இடைவெளி விட்டு ‘இன்குளூட்:’ சேர்த்துக் கூகுள் தரும் பெயர், பிறகு ‘~ஆல்’. முடிவில் கழித்தல் குறி போடாமல் அலைக்குறியையே போடுங்கள். கழித்தல் குறி இருந்தால் சில சேர்வர்கள் டிகிமைப் பார்க்கும் முன்பே மெயிலைத் திருப்பிவிடும். கடுமையை டிமார்க்கில் காட்டலாம். அதையும் முதலில் ‘நன்’ என்று போட்டு, உங்கள் பெயரில் யார் அனுப்புகிறார்கள் என்று பெறுபவர்களின் சேர்வர்கள் அனுப்பும் அறிக்கைகளைப் பார்த்துவிட்டு இறுக்குங்கள்.

இன்னொரு எல்லையும் இருக்கிறது: எஸ்பிஎஃப் வரியைப் படிக்கும்போது 10 டிஎன்எஸ் தேடல்களுக்கு மேல் போகக்கூடாது. ஒவ்வொரு இன்குளூட்டுக்குள்ளும் இருக்கும் இன்குளூட்களும் கணக்கில் சேரும். கேட்டவர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டே போனால் ஒரு நாள் முழு வரியும் செயலிழக்கும்.

நாவற்குழி எழுதியது:

வடலி அக்கா சொல்வது சரி, ஆனால் எனக்கு ஒரு மறுப்பு இருக்கிறது. பணம் கேட்டு மெயில் போய்விட்டது. இந்த நிலையில் ‘நன்’ போட்டு அறிக்கை பார்த்துக்கொண்டிருப்பதால் என்ன பயன்? நேரே ரிஜெக்ட் போட்டால் இன்றைக்கே அடைபட்டுவிடும். பலர் ‘நன்’ போட்டுவிட்டு வருடக்கணக்கில் அப்படியே விட்டிருக்கிறார்கள். அது பூட்டே இல்லாத கதவு.

நல்லூர் விடுதி எழுதியது:

நாவற்குழித் தம்பி, உங்கள் அவசரம் விளங்குகிறது. எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். திருவிழாக் காலத்தில் எங்கள் விடுதி அறைகள் முழுவதும் வெளிநாட்டிலிருந்து வருபவர்களால் நிரம்பும். கொடியேற்றத்துக்குச் சில வாரங்கள் முன்பு, எங்களுக்கு டிஎன்எஸ் பார்ப்பவர் நேரடியாக ரிஜெக்ட் போட்டுவிட்டார். முன்பதிவை உறுதிசெய்யும் மெயில்கள் எங்கள் பெயரில் ஆனால் முன்பதிவு மென்பொருளின் சேர்வரிலிருந்து போகின்றன என்பதை அவர் விசாரிக்கவில்லை. ஒன்றும் போய்ச் சேரவில்லை. லண்டனிலிருந்து ஒரு குடும்பம், பதில் இல்லை என்று வேறு விடுதியைப் பிடித்துக்கொண்டு வந்தது. அவர்கள் எங்களிடம் வருடாவருடம் தங்குபவர்கள். தேர் அன்று வீதியில் கண்டபோதுதான் விடயமே தெரியவந்தது.

வடலி எழுதியது:

இரண்டு பேர் சொல்வதும் சரி. நாவற்குழி சொல்வதுபோல் ‘நன்’ எதையும் தடுக்காது. அதைப் போட்டுவிட்டுப் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நினைப்பது ஆபத்து. ஆனால் உங்கள் பெயரில் யார் யார் மெயில் அனுப்புகிறார்கள் என்ற பட்டியல் கையில் இல்லாமல் ரிஜெக்ட் போட்டால், விடுதிக்காரருக்கு நடந்ததுதான் நடக்கும். எந்தச் சிறு நிறுவனத்திலும் முதலாளிக்கே தெரியாத ஓர் அனுப்புநர் இருப்பார். அவரைக் கண்டுபிடிக்கத்தான் ‘நன்’. அதற்கு ஒரு முடிவு நாள் குறித்துவிட்டுத் தொடங்குங்கள்.

இடையில் பணத்தைக் காப்பாற்ற டிஎன்எஸ் தேவையில்லை. எல்லா வாடிக்கையாளருக்கும் இன்றே தொலைபேசியில் சொல்லுங்கள்: எங்கள் கணக்கு எண் மின்னஞ்சலில் ஒருபோதும் மாறாது, மாறினால் நேரில் பேசித்தான் சொல்வோம். விலைப்பட்டியலின் அடியிலும் அச்சிடுங்கள். எழுத்து மாறிய போலி டொமைனை எந்தப் பதிவாலும் தடுக்க முடியாது. அதற்கும் இது ஒன்றுதான் காவல்.

இன்னொன்று. உங்கள் டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? டிஎன்எஸ் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது? யாழ்ப்பாணத்தில் பாதிப் பிரச்சினை இங்கேதான். தளம் செய்பவரே தன் பெயரில் டொமைனையும் பதிந்து, கடவுச்சொல்லையும் தன்னிடமே வைத்துக்கொள்கிறார். அவர் வெளிநாடு போய்விட்டால் உங்கள் முகவரியும் அவரோடு போய்விடும். டொமைன் உங்கள் நிறுவனத்தின் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். காணி உறுதியை மேசனிடம் யாரும் கொடுத்து வைப்பதில்லை.

தென்மராட்சியான் எழுதியது:

டொமைன் அவர் பெயரில்தான் இருந்தது. பேசி மாற்றிக்கொண்டோம், அவர் தடை சொல்லவில்லை. எஸ்பிஎஃப் இப்போது ஒரே வரி. ஓடர் மெயிலும் கூகுள் வழியாகப் போகிறது.

டிகிமில் மாட்டிக்கொண்டேன். எங்களிடமிருந்து போகும் மெயிலில் டிகிம் ‘பாஸ்’ என்று ஏற்கனவே காட்டுகிறது. அப்படியென்றால் தனியாக எதுவும் செய்யத் தேவையில்லையா? இருந்தாலும் கூகுள் தந்த டிகிம் சாவியை (கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் நீண்ட எழுத்துத் தொடர்) டிஎன்எஸ் பதிவில் இட்டுப் பார்த்தேன். “பதிவு கிடைக்கவில்லை” என்றே சொல்கிறது.

கணினிப் பிரிவு மாணவி எழுதியது:

அண்ணா, அந்த ‘பாஸ்’ எந்த டொமைனுக்கு என்று பாருங்கள். நீங்கள் சாவி இடாதவரை கூகுள் தன்னுடைய டொமைனால் கையொப்பமிடும். பெயரின் முடிவு ‘ஜிஆப்ஸ்எஸ்எம்டிபி’ என்று இருக்கும். கையொப்பம் உண்மையானதுதான், ஆனால் உங்கள் டொமைனுடையது இல்லை. டிமார்க் அதைப் பொருத்தமாக எடுத்துக்கொள்ளாது.

பதிவு கிடைக்காததற்கு இரண்டு இடத்தைப் பாருங்கள். முதலாவது பெயர்க் கட்டம். ‘கூகுள்’, பிறகு புள்ளி, அடிக்கோடு, ‘டொமைன்கீ’ என்பதோடு நிறுத்த வேண்டும். டிஎன்எஸ் பதிவுகளை இடும் நிர்வாகப் பலகைகள் பல, டொமைன் பெயரைத் தாமாகவே பின்னால் ஒட்டும். நீங்களும் முழுப் பெயரையும் எழுதினால் டொமைன் இரண்டு தடவை வந்துவிடும். சேமித்த பிறகு பட்டியலில் பெயர் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள், உடனே பிடிபடும். அடிக்கோட்டையும் விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது சாவியின் நீளம். டிஎக்ஸ்டி பதிவில் (சாவி போன்றவற்றை எழுத்தாக இடும் டிஎன்எஸ் பதிவு) ஒரு சரத்துக்கு 255 எழுத்துத்தான் இடம். 2048 பிட் சாவி அதைத் தாண்டும். அதை இரண்டு மேற்கோள் சரங்களாகப் பிரித்து ஒரே பதிவில் அடுத்தடுத்து இட வேண்டும். சில பலகைகள் தாமே பிரிக்கும், சில எச்சரிக்கை எதுவுமில்லாமல் வாலை வெட்டிவிடும். சாவியின் கடைசிச் சில எழுத்துகளைக் கூகுள் தந்ததோடு ஒப்பிடுங்கள்.

எல்லாம் சரியானதும் கூகுள் நிர்வாகப் பக்கத்தில் ‘ஸ்டார்ட் ஒதென்டிகேஷன்’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். பதிவு இருந்தும் அதை அழுத்தாவிட்டால் கையொப்பம் தொடங்காது.

தென்மராட்சியான் எழுதியது:

தங்கச்சி, நீங்கள் சொன்ன இரண்டும் இருந்தன! டொமைன் பெயர் இரட்டித்திருந்தது. சாவியின் வாலும் இல்லை. இப்போது எங்கள் டொமைன் பெயரிலேயே ‘பாஸ்’ காட்டுகிறது. மிக்க நன்றி.

டிமார்க் ‘நன்’ போடப் போகிறேன். அறிக்கைகளை என்னுடைய சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பச் சொல்லலாமா?

வடலி எழுதியது:

வேண்டாம். அறிக்கை வேறொரு டொமைனுக்குப் போக வேண்டுமென்றால் அந்த டொமைன் ‘நான் வாங்கிக்கொள்கிறேன்’ என்று தன் டிஎன்எஸ்ஸில் சம்மதம் வெளியிட வேண்டும். ஜிமெயில் உங்களுக்காக அதைச் செய்யாது. உங்கள் டொமைனிலேயே தனி முகவரி ஒன்று உருவாக்குங்கள்.

அறிக்கை நாளுக்கு ஒன்றாக, சுருக்கிய எக்ஸ்எம்எல் கோப்பாக வரும். திறந்தால் முதலில் பயமாக இருக்கும். தேவையானது சில வரிகள்தான்: அனுப்பிய ஐபி, எத்தனை மெயில், டிகிம் பொருந்தியதா, எஸ்பிஎஃப் பொருந்தியதா. கூகுளின் அறிக்கை யூடிசி (உலகப் பொது நேரம்) நாள் கணக்கில் வருவதால் அதன் ஒரு நாள் நமக்குக் காலை 5.30க்குத் தொடங்கும். முந்தைய இரவு அனுப்பியவை எந்த அறிக்கையில் என்று தேடும்போது இதை நினைவில் வையுங்கள். மெயிலின் உள்ளடக்கம் அதில் இருக்காது.

ஸ்காபரோவிலிருந்து எழுதியது:

இங்கே இருந்து ஒரு கேள்வி. எங்கள் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு மின்னஞ்சல் குழு இருக்கிறது. ஊரிலுள்ள வியாபாரிகள் பலர் தங்கள் நிறுவன முகவரியிலிருந்தே அதில் எழுதுகிறார்கள். ரிஜெக்ட் போட்டவர்களின் கடிதம் சில உறுப்பினர்களுக்கு வருவதில்லை. இது ஏன்?

வடலி எழுதியது:

குழுவின் சேர்வர் மெயிலை வாங்கித் தானே மீண்டும் அனுப்புகிறது. அதனால் எஸ்பிஎஃப் பொருந்தாது. தலைப்பில் சங்கத்தின் பெயரையும் அடியில் ஒரு குறிப்பையும் சேர்ப்பதால் டிகிம் கையொப்பமும் உடைகிறது. இரண்டும் போனால் ரிஜெக்ட்தான். 2014 ஏப்ரலில் யாஹூ தன் பயனர்களின் டொமைனுக்கே ரிஜெக்ட் போட்டபோது உலகம் முழுவதும் இத்தகைய குழுக்கள் தடுமாறின. குழுவை நடத்துபவர் ஃப்ரம் முகவரியைக் குழுவின் முகவரியாக மாற்றி அனுப்பும் வசதியைப் போட வேண்டும். வியாபாரிகள் ரிஜெக்ட்டைக் கைவிடத் தேவையில்லை. சங்கத்துக்குச் சொந்த முகவரியிலிருந்து எழுதலாம்.

நாவற்குழி எழுதியது:

2024 பெப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இவற்றைக் கட்டாயமாக்கிவிட்டன என்கிறார்களே. எங்களைப் போன்ற சிறிய கடைக்கும் பொருந்துமா?

வடலி எழுதியது:

ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றும் கட்டாயம். மற்ற எல்லோருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம், ஒன்றாவது வேண்டும். 2025 மே மாதத்திலிருந்து மைக்ரோசொஃப்ட்டும் அவுட்லுக், ஹொட்மெயில் முகவரிகளுக்குப் பெருந்தொகையாக அனுப்புவோரிடம் மூன்றையும் கேட்கிறது. சிறிய கடைக்குச் சட்டம் போல் இல்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

தென்மராட்சியான் எழுதியது:

சில வார அறிக்கைகளைப் பார்த்தேன். வடலி சொன்ன “முதலாளிக்கே தெரியாத அனுப்புநர்” எங்களிடமும் இருந்தார்! எங்கள் கணக்காளர் கொண்டாவிலிலிருந்து பயன்படுத்தும் கணக்கு மென்பொருள், மாத முடிவில் எங்கள் முகவரியைப் போட்டு நிலுவைக் கூற்றுகளை அனுப்பியிருக்கிறது. அதன் சேர்வருக்கு எங்கள் கையொப்பம் இல்லை. தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நாங்கள் பயன்படுத்தும் செய்திமடல் சேவையும் டிகிமில் பொருந்தவில்லை. இவை தவிர நாங்கள் அறியாத ஐபிகளும் சில. அவை போலிகள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

வடலி எழுதியது:

செய்திமடல் சேவையின் அமைப்புப் பக்கத்தில் டிகிமுக்கான சிநேம் பதிவுகளை (ஒரு பெயரிலிருந்து வேறொரு பெயரைச் சுட்டும் டிஎன்எஸ் பதிவுகள்) தருவார்கள், அவற்றை இடுங்கள். பெரும்பாலான இத்தகைய சேவைகளில் உறை முகவரி அவர்களுடையது. எஸ்பிஎஃப்பில் சேர்த்தும் பொருந்தாது, வீணாக ஒரு தேடல் போகும்.

கணக்கு மென்பொருளுக்கும் கூகுள் எஸ்எம்டிபி விபரத்தைக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாதென்றால் அது தன் சொந்த டொமைனிலிருந்து அனுப்பட்டும். பதில்கள் மட்டும் உங்களுக்கு வரட்டும். மாத முடிவு ஒன்று முழுதாகக் கடந்து, உங்கள் அனுப்புநர்கள் எல்லோரும் பொருந்துகிறார்கள் என்று அறிக்கையில் கண்ட பிறகு குவாரண்டைன். அடுத்த மாத முடிவும் சுத்தமாக இருந்தால் ரிஜெக்ட்.

தென்மராட்சியான் எழுதியது:

கணக்கு மென்பொருளில் எஸ்எம்டிபி கட்டம் இருக்கிறது, கணக்காளர் மாற்றிவிட்டார். குவாரண்டைனுக்கான நாளைக் காலண்டரில் குறித்துவிட்டேன்.

கடைசியாக ஒன்று. தமிழில் எங்கள் பெயரை வைத்து .இலங்கை என்று முடியும் டொமைனும் வாங்கி வைத்திருக்கிறோம். அதிலிருந்து மெயில் எதுவும் அனுப்புவதில்லை. அதற்கும் ஏதாவது செய்ய வேண்டுமா?

வடலி எழுதியது:

கட்டாயம். மெயில் அனுப்பாத டொமைனைப் பூட்டுவதுதான் மிக எளிது, காத்திருக்கவும் தேவையில்லை. எஸ்பிஎஃப் வரியில் ‘வி=எஸ்பிஎஃப்1’ என்பதற்குப் பிறகு ‘-ஆல்’ மட்டும் இடுங்கள். இங்கே கழித்தல் குறியே சரி. டிமார்க்கை முதல் நாளே ரிஜெக்ட் போடுங்கள். மெயில் வாங்குவதும் இல்லையென்றால் எம்எக்ஸ் பதிவில் (மெயில் எந்தச் சேர்வருக்கு வர வேண்டும் என்று சொல்வது) முன்னுரிமை 0, சேர்வர் பெயர் இடும் கட்டத்தில் ஒரு புள்ளி மட்டும். டிஎன்எஸ்ஸிலும் அறிக்கைகளிலும் அந்தப் பெயர் தமிழில் தெரியாது, ‘எக்ஸ்என்--’ என்று தொடங்கும் வடிவத்தில் வரும். வேறு யாருடையதோ என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள்.